ஓய்வுக்குச் சுழி

ஜனவரி 9

வீட்டில் இருப்பவருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ் கிளம்பும்போது நீங்கள் கையாட்டியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். "நீ நிம்மதியா போ, நான் செத்தா சொல்லி அனுப்பறேன்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னீர்கள். கண்டக்டர் சிரித்தார். உங்களுக்கும் ஒரே சந்தோஷம். ஊரார் எழுதும் வாக்கியத்தில் பிழை பிடித்தே சம்பளம் வாங்குகிறீர்கள். அந்த வாக்கியத்தில் மட்டும் உங்களுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

அதனால்தான் போனில் பேச மாட்டேன் என்றேன். போன் என்றால் நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள், நான் கத்துவேன், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தில் எழுதினால் எழுதியதுதான். கையெழுத்துப் பழக்கமே போய்விட்டது, விரல் வலிக்கிறது. பரவாயில்லை.

எனக்குக் கொடுத்த அறை பணியாளர் விடுதியில் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே நீச்சல் குளம். தண்ணீரைச் சுத்தம் செய்கிற பம்ப் ஓயாமல் உறுமுகிறது. தலையணை வரைக்கும் குளோரின் வாடை. நாற்பத்தேழு வயதில் முதல் வேலை, முதல் சாவி, முதல் விசில். நாளைக்கு எட்டுப் பெண்கள் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள், ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. ஆறு மாதம் சோதனைக் காலம். அதைத் தாண்டினால் நிரந்தரம்.

கையில் கட்டிவிட்ட வாட்சைக் கழற்றாதீர்கள். ஒப்பந்தம் நினைவிருக்கட்டும்: தினம் காலையில் ஒரே ஒரு எண்தான் என் போனுக்கு வரும், உங்கள் ஒய்வு நாடி, அதாவது சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது. வேறு எதையும் நான் பார்க்க மாட்டேன். இன்றைக்கு வந்தது எண்பத்து நான்கு. போன மாதம் உங்கள் அச்சகத்துக்கு வந்த டாக்டர் எண்ணியதும் அதே எண்பத்து நான்குதான். நடங்கள் என்றார். நடக்கிறீர்களா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 15

குளத்தங்கரை அம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. உள்ளடக்கத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் தொழில். நீ 'ஒய்வு நாடி' என்று எழுதியிருக்கிறாய். அது ஓய்வு. கீழே சுழி போட வேண்டும். இருபத்தைந்து வருடமாக உன் கடைக்குறிப்புகளில் 'ஒட்ஸ்', 'ஒமம்' என்று குறிலாகவே வாங்கிவந்து கொடுத்திருக்கிறேன், வாயைத் திறந்ததில்லை. ஆனால் ஓய்வைப் போய்க் குறைக்கலாமா?

பஸ் நிலையத்தில் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். கண்டக்டர் சிரித்தபோதே தெரிந்துவிட்டது, ஆனால் அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நீ போவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருந்தால் எனக்கு ஜோக்தான் வரும். வேறு சரக்கு என்னிடம் இல்லை.

இனி நாடி. நூறு வரைக்கும் எல்லைக்குள்தான் என்று அந்த டாக்டரே என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எண்பத்து நான்கு நூறுக்குக் கீழே. இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? இன்னொரு சந்தேகம். மனிதன் ஓடும்போது எண்ணினால் அவன் தெம்பு தெரியும், சரி. படுத்துக் கிடக்கிறவனின் நாடியை வைத்து அவன் நடக்கிற லட்சணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையைப் பார்த்துப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிற கதையாக இருக்கிறது.

இங்கே எல்லாம் அப்படியே. காலையில் அச்சகம், நாற்காலி, பூதக்கண்ணாடி. பக்கத்து அறையில் இயந்திரம் ஓடினால் என் டீ டம்ளர் தானாக மேஜை விளிம்புக்கு நகர்கிறது. சாயங்காலம் நம் இரண்டு மாடியும் ஏறுவதற்குள் ஒருமுறை நின்றுவிடுகிறேன். நான் நின்றுகொண்டிருக்கும்போது மாடி வீட்டுப் பெண், புருஷனும் அவளுமாக மேலே இருக்கிறார்களே, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போகிறாளே அவள், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி ஏறிப் போகிறாள். போகிறபோது "வணக்கம் சார்" வேறு. மூச்சுக்கூட வாங்கவில்லை. எனக்குப் பதில் வணக்கம் சொல்லவே மூச்சு இல்லை.

நடக்கிறேனா என்று கேட்டாய். தெருமுனை வரைக்கும் ஒருநாள் போனேன்.

இப்படிக்கு,
பிழைதிருத்தி


ஜனவரி 21

வீட்டில் இருப்பவருக்கு,

படி ஏறும்போது நின்றுவிடுகிறேன் என்பதை ஜோக்கோடு ஜோக்காக எழுதிவிட்டீர்கள். அதற்கப்புறம் எனக்கு வேறெதுவும் படிக்க ஓடவில்லை. அறைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கிறேன். கீழ் அறைக்காரி வந்து, "என்னங்க, கட்டில் நகர்த்தறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உங்கள் சந்தேகத்தை இங்கே பெரிய கோச்சிடம் கேட்டேன். அவர் எனக்கு மேலே இருக்கிற பெண்மணி. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினாலும் விசில் அடிக்கிற மாதிரியே இருக்கும். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு தொட்டியை நிரப்ப வேண்டும். டம்ளரால் மொண்டு ஊற்றினால் ஓடி ஓடிச் சாக வேண்டும். குடத்தால் ஊற்றினால் நாலு நடை போதும். தினம் உடம்பை வேலை வாங்குகிறவருக்கு இதயம் குடமாகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நிறைய ரத்தம் தள்ளும், அதனால் சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத் துடித்தால் போதும். உட்கார்ந்தே இருப்பவருக்கு அது டம்ளராகவே இருந்து, சும்மா படுத்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் படுத்திருக்கும்போது எண்ணுகிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கவே உங்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று அது சொல்லும்.

அதுவும் காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல் எண்ண வேண்டுமாம். டீ குடித்தாலும் ஏறும், சண்டை போட்டாலும் ஏறும், காய்ச்சல் வந்தாலும் ஏறும், தூக்கம் கெட்டாலும் ஏறும். என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிவிட்டு, "எழுபத்தொன்பதா? தினம் நீந்தறவங்களுக்கு இது ஜாஸ்தி. இது உங்க உடம்பு இல்ல, மனசு" என்றார்.

மனசு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நேராகவே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி முடிவதற்குள் அந்த எண் இறங்க ஆரம்பிக்க வேண்டும். இறங்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். மிரட்டல் இல்லை. இப்படி ஒரு கண் போனிலும் ஒரு கண் தண்ணீரிலுமாக எட்டுப் பேரை நான் குளத்தில் இறக்கக்கூடாது. நேற்று ஒருத்தி தண்ணீர் குடித்துவிட்டாள். அந்த நேரம் நான் உங்கள் எண்பத்தாறைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 10

குளத்தங்கரை அம்மாளுக்கு,

இரண்டு வாரமாக எண் வரவில்லை என்று தவித்திருப்பாய். வாட்சின் வார் அறுந்துவிட்டது. கடையில் கொடுத்து மாற்ற இத்தனை நாள் ஆகிவிட்டது. கடைக்காரர் ஒரு விஷயம் சொன்னார்: பழைய வார் தொளதொளவென்று இருந்ததால் முதலிலிருந்தே எண் தப்பாகத்தான் ஏறியிருக்குமாம். அந்த எண்பத்து நான்கு ஓர் அச்சுப்பிழை என்று வைத்துக்கொள்.

இப்போது சரியான வார் போட்டாகிவிட்டது. நேற்று முதல் உனக்கு வந்திருக்குமே? ஐம்பத்தேழு! இந்த இரண்டு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து நடக்கிறேன். மரத்தடிப் பெஞ்சு, பெட்ரோல் பங்க், மேம்பாலம், திரும்ப வீடு. மேம்பாலத்தில் காற்று நன்றாக வருகிறது. படியில் நிற்பதும் இல்லை. மாடி வீட்டுப் பெண்ணே, "சார், இப்பல்லாம் கலக்கறீங்க" என்றாள்.

ஆகையால் நீ நிம்மதியாக உன் எட்டுப் பேரையும் மிதக்க வை. இங்கே ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
பிழைதிருத்தி


பிப்ரவரி 16

வீட்டில் இருப்பவருக்கு,

ஐம்பத்தேழு என்று வந்ததும் விசிலை ஊதிவிட்டேன். எட்டுப் பேரும் என்னவோ ஏதோ என்று கரையேறி நின்றார்கள்.

ஆனால் பெரிய கோச்சிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எத்தனை நாள்ல?" என்றார். சொன்னேன். "மூணு மாசம் ஒழுங்கா நடந்தா அஞ்சு குறையும், பத்து குறையும். அதுவே பெரிசு. இது என்ன லிஃப்ட்ல இறங்கின மாதிரி இருக்கு?" என்றார். அப்புறம் கேட்டார், "மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா? தலை சுத்துதா? மயக்கம் வருதா?" நாடி குறைந்தால் எல்லாமே நல்லதுக்கு இல்லையாம். நடந்து நடந்து குறைந்தால் சரி. தானாகக் குறைந்து, கூடவே தலைசுற்றலும் அசதியும் இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

வார் சமாச்சாரத்தைச் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் நானே, வார்தான் காரணம், வார்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு இருபது முறை குளத்தைக் கடந்தேன். தலை சுற்றுகிறதா? உண்மையாக எழுதுங்கள்.

ஒரு நல்ல செய்தி. எட்டில் ஆறு பேர் மிதந்துவிட்டார்கள். அதில் ஒருவர் பாட்டு டீச்சர், அறுபது வயது. மிதந்துகொண்டே அழுதார். நானும் கொஞ்சம். தண்ணீரில் அழுதால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 22

குளத்தங்கரை அம்மாளுக்கு,

தலை சுற்றவில்லை. மாத்திரை இல்லை. மயக்கம் இல்லை. மூன்றும் இல்லை என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிறேன், அரைப்புள்ளிகூட இல்லை.

உன் பெரிய கோச்சுக்கு நல்ல செய்தியைக் கண்டால் ஏன் இத்தனை சந்தேகம்? சிலருக்கு உடம்பு சீக்கிரம் வசப்படும். என் அப்பா மாட்டுவண்டிக்குப் பின்னால் ஓடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறாய் அல்லவா? ரத்தத்திலேயே இருந்திருக்கும், இப்போதுதான் கண் விழித்திருக்கிறது.

பாட்டு டீச்சர் மிதந்ததை மூன்று முறை படித்தேன். வேலைக்கான ஆர்டர் வந்த அன்று நீ சமையலறையில் அடுப்பை அணைக்காமல், அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட. அந்த வேலையை விட்டுவிடுவதாக இனிமேல் எழுதாதே. படிக்க எனக்கு நன்றாக இல்லை.

இப்படிக்கு,
பிழைதிருத்தி


மார்ச் 17

வீட்டில் இருப்பவருக்கு,

என்ன நடக்கிறது அங்கே?

ஐம்பத்தேழு என்று ஆரம்பித்தது. அப்புறம் ஐம்பத்தொன்பது. ஒருநாள் தூக்கம் கெட்டிருக்கும் என்று விட்டேன். அறுபத்தொன்று. அறுபத்து மூன்று. இன்று காலை அறுபத்தாறு. ஒருநாள் ஏறி மறுநாள் இறங்கினால் பயப்பட மாட்டேன். இது படி ஏறுகிற மாதிரி வாரா வாரம் ஏறுகிறது, இறங்கவே இல்லை. அறுபத்தாறு நல்ல எண்தான், தெரியும். எண் இல்லை விஷயம். ஒரு மனிதருக்கு வழக்கமான எண்ணிலிருந்து தொடர்ந்து விலகினால் உள்ளே ஏதோ மாறுகிறது என்று அர்த்தமாம். காய்ச்சலாக இருக்கலாம், அளவுக்கு மீறி உடம்பை வருத்துவதாக இருக்கலாம், ரத்தம் குறைவதாக இருக்கலாம், இன்னும் என்னென்னவோ. பெரிய கோச் சொல்லிக்கொண்டே போனார், எனக்குக் காது அடைத்துவிட்டது.

நேற்று என் வாக்கை நானே மீறிப் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம். "யாரு, குளமா பேசறது?" என்றீர்கள். உடம்பு எப்படி என்று கேட்டேன். "கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்கள். வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் நாடி எண்பத்திரண்டு. ராஜினாமா எழுதி மேஜையில் வைத்துவிட்டேன். உங்களிடமிருந்து வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் கொடுத்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 19

உனக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். ராஜினாமாவைக் கொடுக்காதே. கிழித்துப் போடு. கிழித்துவிட்டு மேலே படி.

அந்தக் கை என்னுடையது இல்லை.

வார் அறுந்தது நிஜம். புது வார் போட்டுக்கொண்டு படியேறும்போது மாடி வீட்டுப் பெண், "வாட்ச் நல்லா இருக்கே சார்" என்றாள். சும்மா பார்க்கட்டும் என்று அவள் கையில் கட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். எண் அறுபதுக்கும் கீழே இறங்கியது. எனக்குப் புத்தி வேலை செய்தது. அது புத்தியா என்று இப்போது கேட்காதே. அவளிடம் விவரம் சொன்னேன். "அம்மா வேலையை விட்டுட்டு வந்துடுவாங்கன்னா, நான் கட்டிக்கறேன் சார்" என்றாள். நம் வைஃபை மாடி வரைக்கும் எட்டுகிறது. ஒன்றரை மாதமாக நீ பார்த்துக்கொண்டிருப்பது, தினம் முப்பது பார்சலோடு ஊரைச் சைக்கிளில் சுற்றுகிற ஓர் இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் நாடியை.

நீ அங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். நடந்தால் நியாயமாக இறங்குமே, அதைச் செய்யலாமே என்பாய். செய்து பார்த்தேன். தெருமுனை வரைக்கும் போனேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். உள்ளே யாரும் "எங்கே போய்த் தொலைஞ்சீங்க?" என்று கேட்கவில்லை. மறுநாள் செருப்பைப் போட்டேன், கழற்றிவிட்டேன். ஜோக்கடிக்க வேறு வழி இல்லாததால் இதைச் சொல்கிறேன்: நீ இல்லாத வீட்டுக்குத் திரும்பி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அச்சகத்திலிருந்து ஒருமுறை திரும்பி வருவதே போதும் என்றிருந்தது.

நீ எழுதியதைப் படித்த பிறகு மாடியில் போய் அவளைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் படியில் சைக்கிளை இறக்கிவைத்து நிற்கிறாள். அசதியாக இருக்கிறதாம், வெயிலாக இருக்கும் என்றாள். அவள் எண் ஏன் ஏறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் எண் என்ன என்றும் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 23

வீட்டில் இருப்பவருக்கு,

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தையும் கிழித்தேன், அப்புறம் ஒட்டிவைத்தேன்.

எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியவில்லை, அதனால் உங்களுக்குத் திருத்தவும் ஒன்றும் கிடைக்காது. ஒன்றரை மாதம்! தினம் கண் விழித்ததும் முதல் வேலையாக இன்னொருத்தியின் கையைப் பார்த்து "நல்லா இருக்கார்" என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறேன். நீங்கள் படியில் சரிந்து கிடந்திருந்தாலும் எனக்கு ஐம்பத்தேழு என்றுதான் வந்திருக்கும். அதை யோசித்தீர்களா? என்னை இங்கே நிறுத்திவைக்கச் செய்தீர்கள். என்னை முட்டாளாக நிறுத்திவைத்தீர்கள்.

அதைவிட எனக்கு என் மேலேயே ஆத்திரம். இருபத்தைந்து வருடம் அந்த நெஞ்சில் தலைவைத்துப் படுத்தவள் நான். அது இப்படி மெதுவாக அடிக்காது என்று என் காதுக்குத் தெரியும். அச்சகத்துக்கு வந்த டாக்டர் விரலால் எண்ணியதும் எண்பத்து நான்குதானே, ஐம்பத்தேழு என்று பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். நம்பினால் இங்கே இருக்கலாம். குளமும் விசிலும் பாட்டு டீச்சரும் எனக்கு வேண்டும். அதனால் நம்பிவிட்டேன்.

சரி. வாட்சை வாங்கி உங்கள் கையில் கட்டுங்கள். எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. டாக்டரைப் பாருங்கள். படியில் நிற்பதைச் சொல்லுங்கள், சிரிக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது உங்களுக்கு இல்லை, மாடி வீட்டுப் பெண்ணுக்கு. கடிதத்தின் இந்தப் பகுதியை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

அம்மா, நீ சைக்கிள் ஓட்டுகிறவள், உன் உடம்பு உனக்குத் தெரியும். ஆனால் உன் நாடி அஞ்சு வாரமாக மெல்ல மெல்ல ஏறுகிறது, இறங்கவே இல்லை. அசதி, படியில் மூச்சு வாங்குவது. காரணம் வேறாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டு. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. உனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதா? இங்கே நீந்த வருகிற ஒருத்திக்கு இப்படித்தான் ஏறியது, அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. நாள் எண்ணுவதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. எனக்குப் பலிக்கவில்லை, அவ்வளவுதான். உன்னுடையதை எண்ணிப் பார்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 31

உனக்கு,

கடிதத்தை அந்த இடத்தில் மடித்து அவளிடம் நீட்டினேன். படியிலேயே, சைக்கிள் தோளில் இருக்க, நின்றபடி படித்தாள். அப்புறம் சைக்கிளை மெதுவாக இறக்கிச் சுவரில் சாய்த்தாள். "நான் எண்றதையே விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றாள். நான் பூட்டைத் திறப்பது போல முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை கதவைத் தட்டினாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அவள், "அம்மா ஊர்ல இருந்துகிட்டே என் வயித்தைப் பாத்துட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு அழுதாள். டாக்டரும் பார்த்துவிட்டார், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இந்தச் சமயத்தில் நாடி கொஞ்சம் ஏறுவது இயல்புதானாம், இரண்டு பேருக்கு ரத்தம் ஓட வேண்டுமே என்றாராம். நான் செய்த திருட்டு வேலைக்கு இப்படி ஒரு பலன். இதை வைத்து நான் தப்பித்துவிட்டதாக நினைக்கவில்லை.

அன்று ராத்திரி நமக்கு வராமல் போனதை நினைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீயும் அங்கே இதைப் படித்துவிட்டு அப்படித்தான் உட்கார்ந்திருப்பாய். உட்காரலாம், தப்பில்லை.

அவள் வாட்சைக் கழற்றி என் கையில் அவளே கட்டிவிட்டாள். "உங்களோடதை நீங்களே சுமந்துக்குங்க சார்" என்றாள். சைக்கிளை இனி நான் தூக்குகிறேன் என்று வீராப்பாகத் தோளில் போட்டேன். பாதி மாடி. வாட்ச் அலறியது. உட்கார்ந்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் வந்து எங்களை, அதாவது என்னையும் சைக்கிளையும், மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அடுத்த நாளே டாக்டரிடம் போனேன். சிரிக்காமல் சொன்னேன். ஈசிஜி எடுத்தார், வேறு ஒன்றிரண்டு சோதனையும் செய்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட, உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு வேலை மறந்துவிட்டது என்றார். நடக்கச் சொன்னார், மெதுவாக, தினமும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பினால் கால் மணி நேரம் ஆகிறது. திரும்பி வந்து பூட்டைத் திறந்ததும், உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தே, "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்கிறேன். பைத்தியம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மறுநாள் செருப்பைப் போட முடிகிறது.

இந்தக் கடிதத்தைப் போட நடந்தது நான்தான். உன் எண்ணைப் பார்த்துக்கொள். நன்றாக இருக்காது.

இப்படிக்கு,
நான்தான்


ஏப்ரல் 9

வீட்டில் இருப்பவருக்கு,

எண்பத்தைந்து.

முதல் நாள் அதைப் பார்த்ததும் குளத்து மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரிய கோச் ஓடி வந்து, "என்னம்மா, கெட்ட சேதியா?" என்றார். போனைக் காட்டினேன். "ஏறியில்ல இருக்கு?" என்றார். "ஆமா கோச், எங்க வீட்டுக்காரர் வந்துட்டார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எட்டுப் பேரும் கரையில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அப்புறம் எண்பத்து நான்கு, மறுபடி எண்பத்தைந்து, இன்றைக்கு எண்பத்து மூன்று. அவசரப்படாதீர்கள். ஒன்று இறங்கினாலும் போதும், ஆனால் அது உங்களுடையதாக இருக்க வேண்டும். சோதனைக் காலத்தை முடித்துவிட்டு வருகிறேன். அதுவரைக்கும் தினம் பூட்டைத் திறந்து "வந்துட்டேன்" என்று சொல்லுங்கள். நான் இங்கிருந்து, "எங்கே போய்த் தொலைஞ்சீங்க?" என்று கேட்டுக்கொள்கிறேன். கீழ் அறைக்காரி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

மாடி வீட்டுப் பெண்ணின் சேதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், நீங்கள் சொன்ன மாதிரி. பிறகு எழுந்து அவளுக்கு ஒரு நீச்சல் உடை வாங்கினேன், பெரிய அளவில். டாக்டர் சரி என்று சொன்னால், பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு நான் கற்றுத்தருகிறேன்.

போன வாரம் இங்கே நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன். பம்ப் ஓடியதா என்றே தெரியவில்லை. கண் விழித்ததும் எழுந்திருக்காமல், இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து எண்ணினேன். எழுபத்தொன்று.

இது என்னுடைய ஓய்வு நாடி. சுழி போட்டிருக்கிறேன், பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி